குப்பையாகாத பரிசுப் பொதி: துணியாலும் தாளாலும் வாழைநாராலும் கட்டும் முறைகள்

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் புதுச்சேரியின் எந்தத் தெருவில் நடந்தாலும், குப்பைத் தொட்டிகளைச் சுற்றிப் பளபளப்பான தாள்களும் சுருள் ரிப்பன்களும் கிழிந்து கிடப்பதைப் பார்க்கலாம். அடுத்த வாரம் ஆங்கிலப் புத்தாண்டு, அதிலிருந்து இரண்டே வாரத்தில் பொங்கல் என்று மூன்று வாரத்துக்குள் மூன்று பண்டிகைகள் வந்துவிடுவதால், அந்தக் குவியல் குறைவதற்குள் மறுபடியும் நிறைந்துவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் காலையில், எங்கள் தெருமுனையில் நின்ற பசு ஒன்று நீளமான ரிப்பனைப் பாதி விழுங்கிவிட்டு, மீதி வாயில் தொங்க, தலையை உதறிக்கொண்டே இருந்தது. அந்த ரிப்பனின் நுனியில் செல்லோ டேப்போடு ஒட்டிய பரிசுத் தாளின் துண்டு ஒன்றும் இருந்தது. அது எந்த வீட்டுப் பரிசிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டிலிருந்தும் போயிருக்கலாம் என்ற எண்ணம் மட்டும் என்னை விடவில்லை. அந்த ஆண்டிலிருந்து பரிசுகளைக் கட்டும் முறையை மாற்றிக்கொண்டேன். செய்து பார்த்துப் பழகியவற்றை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

பரிசைக் கட்ட உட்காரும்போது நான் முதலில் பார்ப்பது உறையின் அழகை அல்ல, பிரித்த பிறகு அது எங்கே போகும் என்பதைத்தான். பெறுகிறவர் அதை எடுத்து வைத்துப் பயன்படுத்துவார் என்றால் நல்லது. வீட்டுத் தோட்டத்து மண்ணில் மட்கும் என்றால் அதுவும் நல்லது. பழைய பேப்பர் கடைக்காரர் மறுக்காமல் எடையில் வைத்துக்கொள்வார் என்றாலும் சரிதான். இந்த மூன்றில் ஒன்றுகூடப் பொருந்தாத எதையும் பரிசின் மேல் சுற்றக்கூடாது என்பதே நான் வைத்திருக்கும் வரம்பு.

எவற்றை விட்டுவிட வேண்டும்

கடையில் விற்கும் பரிசுத் தாள்களில் பல, பெயருக்குத்தான் தாள். மினுமினுக்கும் வகைகள் பெரும்பாலும் உலோகப் பூச்சு ஏற்றிய நெகிழிப் படலங்கள், அல்லது நெகிழிப் படலம் ஒட்டிய தாள்கள். இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. தாளின் ஒரு மூலையை உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கி விட்டுவிடுங்கள். கசங்கிய உருண்டை அப்படியே இருந்தால் அது தாள். மெல்ல விரிந்து பழைய நிலைக்குத் திரும்பினால் அதில் நெகிழி இருக்கிறது. ஐயம் இருந்தால் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள்: தாள் நார்நாராகப் பிரியும், படலம் முதலில் நீண்டு பிறகு அறுபடும். ஜிகினாத் தூள் தூவிய தாள் இந்தச் சோதனையில் தேறினாலும் வாங்க வேண்டாம். அந்தத் தூளும் பெரும்பாலும் நெகிழிப் படலத்தைப் பொடியாக வெட்டியதுதான். வீட்டைக் கழுவும்போது வாய்க்காலுக்குப் போய், இங்கே நம் ஊரில் வாய்க்கால் வழியே நேராகக் கடலுக்கே போய்விடும்.

சட்டமும் இதில் நம் பக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. நாடு முழுவதற்குமாக 2022 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த தடைப் பட்டியலில், இனிப்புப் பெட்டிகளையும் அழைப்பிதழ்களையும் சுற்றும் மெல்லிய நெகிழிப் படலமும், அலங்காரத்துக்கான தெர்மாகோலும் இடம்பெற்றிருக்கின்றன. ஆகவே கடையில் இனிப்பு வாங்கும்போது, பெட்டியின் மேல் அந்தப் படலத்தைச் சுற்ற வேண்டாம் என்று சொல்ல நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

செல்லோ டேப்பும் ஸ்டேப்ளர் பின்னும் சிறிய பொருட்கள் என்று விட்டுவிடக் கூடாது. நல்ல தாளில்கூட டேப் ஒட்டிய இடத்தைப் பிய்த்து எறிய வேண்டியிருக்கும். பின் குத்திய தாள் மாட்டின் வாய்க்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. கீழே வரும் எந்த முறைக்கும் இவை இரண்டும் தேவைப்படாது.

துணி முடிப்பு

பரிசைக் கட்டுவதற்கு எது சிறந்தது என்று என்னைக் கேட்டால், தயங்காமல் துணி என்பேன். நம் வீடுகளில் இது புதிய பழக்கமும் அல்ல. தாம்பூலப் பையும் மஞ்சப்பையும், மூதாட்டிகள் முந்தானையில் காசு முடிந்துகொண்டதும் இதன் உறவுதான். தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியபோது, அது புதிதாக ஒன்றைச் சொல்லவில்லை. கைவிட்ட பழக்கத்தையே நினைவூட்டியது. ஜப்பானில் ஃபுரோஷிகி என்ற சதுரத் துணியில் பொருளை முடிந்து கொடுக்கும் வழக்கத்தை, 2006-இல் அந்நாட்டின் சுற்றுச்சூழல் அமைச்சர் யூரிகோ கொய்கே மறுபடியும் மக்களிடம் கொண்டு சென்றார். முடிச்சுப் போடும் நுணுக்கத்தில் அவர்களிடமிருந்து கற்கச் சில உண்டு. துணிக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை.

முதலில் உங்கள் பீரோவைத் திறந்து பாருங்கள். வெற்றிலை பாக்கோடு வந்த ஜாக்கெட் பிட்டுகள் பத்துக்குக் குறையாமல் அடுக்கியிருக்கும். தைக்கவும் மனமில்லாமல், தூக்கிப் போடவும் மனமில்லாமல், ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தாம்பூலத் தட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும் துணிகள் அவை. ஒரு பிட் பொதுவாக 80 செ.மீ. நீளமும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமும் இருக்கும். அகலத்தில் மிகுதியை வெட்டி, 80 செ.மீ. சதுரமாக்கி ஓரம் அடித்துக்கொண்டால், அது அருமையான பொதித்துணி. வெட்டிய பட்டையையும் எறிய வேண்டாம். நீளவாக்கில் கிழித்தால் ரிப்பனாகும்.

துணியின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. பரிசின் மிக நீளமான பக்கம், துணியின் மூலைக்கு மூலை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. 80 செ.மீ. சதுரத்தின் மூலைக்கு மூலை நீளம் ஏறத்தாழ 113 செ.மீ.; ஆகவே அதில் 37 செ.மீ. நீளம் வரையுள்ள பொருளைக் கட்டலாம். ஒரு புடவைப் பெட்டியோ இரண்டு தடித்த புத்தகங்களோ இதில் தாராளமாக அடங்கும். கைக்குட்டை அளவிலான 45 செ.மீ. துணி என்றால் 20 செ.மீ. பொருள்வரை தாங்கும்.

கட்டும் முறை இது. துணியின் ஒரு மூலை உங்கள் வயிற்றைப் பார்க்கும்படி வைரக்கல் வடிவில் விரித்துக்கொள்ளுங்கள்; நல்ல பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். பரிசை நடுவில், அதன் நீளம் இடமிருந்து வலமாக இருக்கும்படி வையுங்கள். உங்கள் பக்கத்து மூலையைப் பரிசின் மேல் போர்த்தி, மிஞ்சும் நுனியை அதன் அடியில் செருகுங்கள். எதிர்ப்பக்கத்து மூலையை அதன் மேல் கொண்டு வந்து, நுனியை உள்ளே மடித்து விடுங்கள். இப்போது இடமும் வலமும் இரண்டு காதுகள் போல மிஞ்சியிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாக இழுத்து, சுருக்கங்களை விரலால் ஒருபுறமாக நீவி, நடுவில் கொண்டு வந்து முடிச்சிடுங்கள்.

முடிச்சில்தான் பலர் தவறுகிறார்கள். முதல் முறை வலது நுனியை இடது நுனியின் மேலாகப் போட்டு இறுக்கினால், அந்த நுனி இப்போது இடப்பக்கம் வந்திருக்கும். இரண்டாவது முறையும் அதே நுனிதான் மேலாகப் போக வேண்டும். இரண்டு முறையும் ஒரே நுனி மேலே போனால், காதுகள் இரண்டும் இடமும் வலமுமாகப் படுத்து அழகாக நிற்கும், முடிச்சும் நழுவாது. நுனி மாறிப்போனால் ஒரு காது வானத்தையும் மற்றது தரையையும் பார்க்கும்; பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு போகும்போதே அவிழ்ந்துவிடும். முதலில் வெறும் கைக்குட்டையில் நாலைந்து முறை போட்டுப் பழகிவிட்டால், பிறகு கை தானே செய்யும்.

தேன் புட்டி, ஊறுகாய் சீசா போன்ற நிற்கும் பொருட்களுக்கு வேறு வழி. துணியின் நடுவில் புட்டியை நிறுத்தி, எதிரெதிர் மூலைகள் இரண்டை மூடிக்கு மேல் முடிந்துவிடுங்கள். அதுவே தூக்கும் பிடியாகிவிடும். மீதமுள்ள இரண்டு மூலைகளைப் பின்புறமாகக் குறுக்கே சுற்றி முன்னால் கொண்டுவந்து கட்டுங்கள்.

துணி தளர்ந்து தொங்குகிறது என்றால், வடிகஞ்சியில் நனைத்து நிழலில் உலர்த்தித் தேய்த்துக்கொள்ளுங்கள்; மடிப்பு நிற்கும். குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கைத்தறிக் கைலித் துணிக்குக் கஞ்சிகூடத் தேவைப்படாது. கட்டம் போட்ட அந்தத் துணியைச் சதுரமாக வெட்டிப் புத்தகங்களைக் கட்டினால், வேறு எந்த அலங்காரமும் வேண்டியிருக்காது. ஆனால் உடுத்திய பழந்துணியில் பரிசு கட்டுவதை நம் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள் என்பதை மறக்கக் கூடாது. சிக்கனமும் சூழல் அக்கறையும் நம்முடையவை. பரிசைப் பெறும் வீட்டில் ஒரு மூதாட்டியின் முகம் வாடினால் அதை ஈடுகட்ட முடியாது. அதனால் தையற்கடையில் மிஞ்சும் புதுத்துணி வெட்டுகளைக் கேட்டு வாங்குங்கள், கறுப்பைத் தவிர்த்துவிடுங்கள், பொங்கல் சீருக்கானது என்றால் துணியின் ஒரு மூலையில் மஞ்சளைக் குழைத்துத் தொட்டு வையுங்கள். அந்த ஒரு சிறு மஞ்சள் புள்ளி, இது மங்கலமாகக் கட்டப்பட்டது என்று சொல்லாமலே சொல்லிவிடும்.

வீட்டில் இருக்கும் தாள்கள்

பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட வாங்கிய பிரவுன் ஷீட், டிசம்பரில் எப்படியும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். பரிசு கட்ட அதைப் போல் வசதியான தாள் இல்லை. வெட்டும் முன் அளந்துகொண்டால் வீணாகாது. பெட்டியின் அகலத்தையும் உயரத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கி, மேல்மடிப்புக்கு 3 செ.மீ. சேர்த்தால் அது தாளின் ஒரு பக்கம். பெட்டியின் நீளத்தோடு உயரத்தின் ஒன்றரை மடங்கைச் சேர்த்தால் அது மறுபக்கம். எடுத்துக்காட்டாக 20 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 6 செ.மீ. உயரமுள்ள பெட்டிக்கு 45 செ.மீ.க்கு 29 செ.மீ. தாள் போதும். நூலைப் பெட்டியைச் சுற்றிப் பிடித்து அளந்தாலும் இதே கணக்குத்தான் வரும்.

பெட்டியைக் கவிழ்த்து வைத்துச் சுற்றுங்கள். மேலே வரும் ஓரத்தை ஒரு விரல் அகலம் உள்ளே மடித்துவிட்டால் வெட்டிய விளிம்பு தெரியாது. இரு பக்கங்களிலும் முதலில் இட, வல ஓரங்களை உள்ளே தள்ளுங்கள். மேலும் கீழும் முக்கோணங்கள் தோன்றும். அவற்றை நகத்தால் அழுத்தி மடித்து ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடியுங்கள். பிறகு மளிகைக் கடைக்காரர் பொட்டலம் கட்டுவதுபோல நீளவாக்கில் ஒரு சுற்று, அடியில் நூலைக் குறுக்காகத் திருப்பி அகலவாக்கில் ஒரு சுற்று, மேலே முடிச்சு. நூல் இறுக்கமாக இருந்தால் பசையே வேண்டாம்.

டிசம்பர் முடியும்போது எல்லா வீட்டிலும் பழைய மாதக் காலண்டர் சுவரிலிருந்து இறங்கும். அதன் தடித்த வழவழப்பான தாள்கள் சிறிய பெட்டிகளுக்கு மிக நன்றாக அமையும். வெற்றுப் பின்பக்கத்தை வெளியே காட்டி மடிக்கலாம், இயற்கைக் காட்சி என்றால் படத்தையே காட்டலாம். சாமி படம் உள்ள தாளை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். பிரித்த தாள் கீழே விழும், யாராவது மிதிப்பார்கள். அது பெறுகிறவரையும் கொடுத்தவரையும் சங்கடப்படுத்தும். செய்தித்தாளைப் பயன்படுத்தும்போதும் பக்கத்தைப் பார்த்து எடுங்கள். கண்ணீர் அஞ்சலி விளம்பரமோ விபத்துச் செய்தியோ உள்ள பக்கத்தில் புத்தாண்டுப் பரிசைக் கட்டிக் கொடுத்துவிடக் கூடாது. சிறுவர் பக்கம், குறுக்கெழுத்து, நாட்டின் வரைபடம் போன்றவை குழந்தைகளுக்குப் பிடிக்கும். தின்பண்டம் எதுவும் அச்சிட்ட தாளில் நேரடியாகப் படக்கூடாது. அச்சு மையிலுள்ள வேதிப்பொருட்கள் உணவில் இறங்கும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ஆம் ஆண்டிலேயே எச்சரித்திருக்கிறது.

விலை கொடுத்துத்தான் தாள் வாங்க வேண்டும் என்றால் புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் தொழிற்கூடம் 1959 முதல் இங்கே இயங்கி வருகிறது. மரக்கூழுக்குப் பதிலாகப் பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யப்படும் தாள் அது. பூவிதழ் பதித்தது, பளிங்குக் கோலம் போல வண்ணம் ஓடியது என்று பல வகைகள் உண்டு. வாங்கும்போது கனத்தைக் கவனியுங்கள். சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கிராம் வரையுள்ள தாள் மடிக்க எளிது. அதற்கு மேல் போனால் மூலைகள் உடைந்ததுபோல் நிற்கும், அவை அட்டைக்கும் உறைக்கும்தான் ஏற்றவை. கைத்தாளைக் கத்தரியால் வெட்டுவதும் எனக்குப் பிடிப்பதில்லை. அளவுகோல் வைத்து, ஈரத் தூரிகையால் கோடிழுத்து, ஒரு நிமிடம் பொறுத்து இரு கைகளாலும் மெல்லப் பிரித்தால், பஞ்சு போன்ற மென்மையான விளிம்பு கிடைக்கும். ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் துணியும் பிரவுன் ஷீட்டும் இருக்கும்போது, சூழலுக்கு நல்லது என்ற பெயரில் புதிதாக எதையும் வாங்குவது தேவையற்றது. அந்தக் கைத்தாளை, பிரித்தபின் எடுத்து வைத்துக் கடிதம் எழுதக்கூடியவருக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்டைக்காய் அச்சு

வெறும் பழுப்புத் தாள் பண்டிகைக்குப் போதாது என்று வீட்டுப் பிள்ளைகள் முகம் சுளித்தால், ஒரு வெண்டைக்காயை எடுங்கள். காம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிக் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டினால், உள்ளே ஐந்து அறைகளும் ஐந்து முனைகளும் தெரியும். அதுதான் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். பொங்கலுக்கு அதுவே பூ. முற்றிய காய் நல்லது, இளங்காய் அழுத்தும்போது நசுங்கிவிடும். வெட்டியவுடன் அச்சிடாதீர்கள். வழவழப்பு வடியும்வரை வெட்டுவாய் கீழிருக்கும்படி ஒரு துணியின்மேல் அரை மணி நேரம் நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் வண்ணம் ஒட்டாமல் வழுக்கும்.

வண்ணத்துக்கு மாக்கோல மாவே போதும். ஊறவைத்த பச்சரிசியை வெண்ணெய் போல அரைத்து, அதில் ஒரு தேக்கரண்டி மைதாப் பசையைக் கலந்துகொள்ளுங்கள். வெறும் அரிசி மாவு காய்ந்ததும் பொடியாக உதிரும், பசை அதைத் தாளோடு பிடித்து வைக்கும். மாவைத் தட்டில் நேரடியாக ஊற்றித் தொடாமல், நாலாக மடித்த துணியில் ஊற்றி அதில் ஒற்றி எடுங்கள். தாளில் வைத்து அழுத்தி, திருகாமல் நேராகத் தூக்குங்கள். அச்சிடும்போது நீர்க்கறை போல மங்கலாகத்தான் தெரியும், மனம் தளர வேண்டாம்; காயக் காய வெள்ளை எழும்பி, பழுப்புத் தாளில் பளிச்சென்று நிற்கும். மஞ்சள்தூள் சேர்த்தால் பொன்னிறம், பீட்ரூட் சாற்றில் ஊதாச் சிவப்பு. வெயிலில் இவை இரண்டும் வெளுத்துவிடும் என்பதால் முந்தின நாள் அச்சிட்டால் போதும்.

நாரும் சவுக்குக் காயும் வெட்டிவேரும்

ரிப்பனுக்கு மாற்றாகச் சணல் கயிற்றைப் பலரும் சொல்வார்கள். அது நல்லதுதான், ஆனால் நம் ஊருக்கு வாழைநார் இருக்கும்போது எனக்கு மனம் அதில்தான் போகிறது. பெரிய மார்க்கெட்டில் பூக்கட்டுகிறவர்களிடம் கேட்டால் ஒரு பிடி கொடுப்பார்கள். வீட்டில் வாழை இருந்தாலோ, திருமண வீட்டு வாசலில் கட்டிய மரம் கழற்றப்பட்டாலோ, வெளிமட்டையை நீளமாக உரித்துக் கொடியில் போட்டு மூன்று நான்கு நாள் காயவிடுங்கள். தேவைப்படும்போது கால் மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் போல இளகும். நகத்தைக் கொடுத்து நீளவாக்கில் கிழித்தால் வேண்டிய அகலத்துக்குப் பட்டைகள் வரும். தண்ணீரை உதறி, துணியில் ஒற்றிவிட்டுக் கட்டுங்கள். ஈரம் சொட்டச் சொட்டக் கட்டினால் தாளில் தேநீர் நிறத்தில் கறை இறங்கும். முடிச்சு காய்ந்தபின் அப்படியே விறைத்து நிற்கும்.

முடிச்சின்மேல் வைக்க நெகிழிப் பூ வேண்டாம். கடலூர், புதுச்சேரிக் கடற்கரைகளில் சவுக்குத் தோப்புகளுக்குக் குறைவில்லை. கிறிஸ்துமஸ் மரமாக நம் பக்கத்து வீடுகளில் நடுவதும் சவுக்குக் கிளையைத்தான். அந்தத் தோப்புகளின் மணலில் உதிர்ந்து கிடக்கும் சிறு காய்களைப் பொறுக்கி வந்து இரண்டு நாள் வெயிலில் வைத்தால், செதில்கள் வாய் திறந்து அழகாக விரியும்; உள்ளிருக்கும் விதைகளை உதறிவிட்டு மூன்று நான்கு காய்களை நாரில் கோத்துக் கட்டலாம். கீழே கிடப்பதை மட்டும் எடுங்கள், நிற்கும் மரத்தில் கை வைக்க வேண்டாம்.

வெட்டிவேர் கடலூர் மாவட்டக் கடலோர மணற்பாங்கில் விளையும் பயிர். விரல் தடிமனுக்கு ஒரு கொத்தை எடுத்து வளைத்து, நடுவில் நார் சுற்றி வில் முடிச்சு போலப் பரிசின்மேல் கட்டுங்கள். பிரித்தபின் அதைத் துணி பீரோவில் போட்டு வைத்தால் பல மாதம் மணக்கும். புதுப்பூ வைப்பதானால் கொடுக்கப் போகும் நேரத்தில் வையுங்கள்; இரண்டு மணி நேரத்தில் சாறு இறங்கித் தாள் கறைபடும். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்னத் தெரிந்த கைகளுக்குத் தென்னங்குருத்தில் ஒரு நட்சத்திரம் பின்ன ஐந்து நிமிடம் போதும். ஆரோவில்லில் 2004 சுனாமிக்குப் பிறகு மீனவப் பெண்கள் தையல் மிச்சத் துணியில் செய்யத் தொடங்கிய 'சுனாமிகா' என்ற சின்னஞ்சிறு பொம்மை விற்கப்படுவதில்லை, அன்பளிப்பாகவே கொடுக்கப்படுகிறது. அதைப் பார்த்துத்தான், துணி வெட்டுகளை உருட்டிக் கட்டி ஒரு சிறு பொம்மையாக்கிப் பரிசின்மேல் வைக்கும் பழக்கம் என் வீட்டில் வந்தது.

பெயர்ச்சீட்டுக்குப் பழைய திருமணப் பத்திரிகைகள் இருக்கின்றன. பிள்ளையார் படமும் பெயர்களும் உள்ள பகுதியை விட்டு, வெற்றிடமாக உள்ள தடித்த அட்டையை மட்டும் நறுக்கிக்கொண்டு துளையிட்டு நாரில் கோக்கவும்.

பசையும் மொய் உறையும்

சில இடங்களில் ஒட்டித்தான் ஆக வேண்டும். இரண்டு மேசைக்கரண்டி மைதாவை அரைக் கோப்பைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால், வெள்ளை மாறிக் கண்ணாடி போலாகும். அப்போது இறக்கி ஆறவிடுங்கள். கெடாமல் இருக்க மயில்துத்தம் சேர்க்கும் பழைய வழக்கத்தைப் பின்பற்ற வேண்டாம், அது நச்சு. அன்றன்றைக்குச் சிறிதளவு காய்ச்சிக்கொள்வதே நல்லது. இந்த மழைக்காலத்தில் இரண்டாம் நாளே பூஞ்சை கட்டும்.

இந்தப் பசையால் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பொருள் மொய் உறை. கடையில் விற்கும் மொய் உறைகளில் ஜிகினாவும் பிளாஸ்டிக் மணியும், நாணயத்தை ஒட்ட டேப்பும் இருக்கும். இன்றைய 500 ரூபாய்த் தாள் 150 மி.மீ. நீளமும் 66 மி.மீ. அகலமும் கொண்டது, எனவே 16.5 செ.மீ.க்கு 8 செ.மீ. உறை எல்லாத் தாள்களுக்கும் போதும். 19.5 செ.மீ. அகலமும் 18 செ.மீ. உயரமும் உள்ள தாளை எடுத்து, கீழிருந்து 7 செ.மீ. பின்பக்கத்துக்கு, அடுத்த 8 செ.மீ. முன்பக்கத்துக்கு, மேலே 3 செ.மீ. மூடிக்கு என்று கோடிட்டுக்கொள்ளுங்கள். முன்பக்கத்தின் இருபுறமும் 1.5 செ.மீ. இறக்கைகளை விட்டு, மற்ற இடங்களில் அந்த ஓரத்தை நறுக்கிவிடுங்கள். இறக்கைகளை உள்ளே மடித்து, அவற்றின்மேல் பசை தடவிப் பின்பக்கத்தை ஏற்றி ஒட்டினால் உறை ஆயிற்று. ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்ட வேண்டாம். மூடியின் நடுவில் 2.4 செ.மீ. நீளத்துக்கு, 1.2 செ.மீ. இடைவெளியில் இரண்டு இணைக் கீறல்கள் போட்டால் நாணயம் அந்தப் பட்டைக்கு அடியில் செருகி நிற்கும்.

தின்பண்டமும் மழையும்

முறுக்கு, அதிரசம், கல்கல் போன்ற எண்ணெய்ப் பண்டங்களைத் தாளில் கட்டவே கூடாது. சிறிய எவர்சில்வர் சம்படத்தில் போட்டு, சம்படத்தையே துணியில் முடிந்து கொடுங்கள். பண்ருட்டி முந்திரிக்கும் இதுவே சிறந்தது. சம்படத்துக்கு மனமில்லையென்றால் வில்லியனூர் மண்பாண்டமோ, பழைய தாளைக் கூழாக்கிச் செய்யும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பெட்டியோ வாங்கலாம். இவ்விரண்டு கைத்தொழில்களும் புவிசார் குறியீடு பெற்றவை. காகிதக்கூழ்ப் பெட்டி என்றால் பண்டத்தை அனலில் வாட்டிய வாழையிலையில் சுற்றித்தான் உள்ளே வைக்க வேண்டும்.

நம் பண்டிகைக் காலம் மழைக்காலத்தின் வால் பகுதியில் வருகிறது என்பதை மற்ற ஊர்க்காரர்கள் எழுதும் குறிப்புகள் கணக்கில் எடுப்பதில்லை. 2011-இல் தானே புயல் கரை கடந்தது டிசம்பர் 30 அன்று. 2024-இல் ஃபெஞ்சல் வந்தது நவம்பர் 30 அன்று. புயல் இல்லாத ஆண்டிலும் காற்றில் ஈரம் இருக்கும், தாள் தொய்யும். ஒருமுறை பிரவுன் ஷீட்டில் பசை வைத்து ஒட்டிய பெட்டியோடு மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் பேருந்தில் போனேன். சன்னல் ஓரச் சாரல் ஒரு மணி நேரம் பட்டதில், இறங்குவதற்குள் மடிப்புகள் எல்லாம் விட்டுக்கொண்டன. அதற்குப் பிறகு வெளியூர்ப் பயணத்துக்குத் தாள் பொதியின்மேல் வாழைச்சருகை வைத்துச் சுற்றுகிறேன். வெற்றிலைக்காரர்கள் பயன்படுத்தும் அதே சருகுதான். லேசாகத் தண்ணீர் தெளித்து மடித்தால் உடையாது, சாரல் படிந்தாலும் உருண்டோடிவிடும். தாமரை இலை கிடைத்தால் அதுவும் ஆகும். பசைக்குப் பதிலாக நூற்கட்டு போடுவது இன்னும் உறுதியானது.

தாளையே சற்று நீர் தாங்கும்படி செய்ய வேண்டுமானால், தேன்மெழுகைத் துருவிப் பிரவுன் ஷீட்டின்மேல் தூவி, மேலே இன்னொரு தாளை வைத்து இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் ஓட்டுங்கள். மெழுகு உருகித் தாளில் ஊறிவிடும். மிஞ்சிய மெழுகுவர்த்தியை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். அது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வரும் பாரஃபின். தேன்மெழுகுத் தாளைப் பழைய பேப்பர் கடையில் போட முடியாது, தோட்டத்தில் புதைத்துவிடலாம் என்று பெறுகிறவரிடம் சொல்லிக் கொடுங்கள்.

துணியில் கட்டிக் கொடுக்கும்போதும் ஒரு சொல் சொல்லித்தான் ஆக வேண்டும். துணியைத் திருப்பித் தர வேண்டுமோ என்று பெறுகிறவர் திகைப்பார். "துணி உங்களுக்குத்தான், அடுத்த பரிசை இதிலேயே கட்டுங்கள்" என்று பெயர்ச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். நான் அக்காவுக்கு அனுப்பிய பச்சைக் கட்டக் கைலித்துணி, பொங்கலுக்கு மறுநாள் பச்சை மொச்சையும் இரண்டு துண்டுக் கரும்பும் முடிந்து எங்கள் வீட்டுக்கு வந்தது; இப்போது துவைத்து மடித்து, மிஞ்சிய வெட்டிவேர்க் கொத்தோடு பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது.